பழைய ஒற்றைத் தோட்டா .22 ரைபிள்: எதை எடுக்கலாம்?

போடிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் அவருடைய அப்பா காலத்து பாயிண்ட் டூ டூ ரைபிளை விற்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்ம ஆட்கள் போனதும் தடவிப் பார்ப்பது பட்டின் (தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை) பாலிஷைத்தான், அப்புறம் பேரல் மேல் வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயரை. நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். தேக்கு மாதிரி மின்னும் பட், ஆனால் சுட்ட பிறகு வெற்றுத் தோட்டா வெளியே வராது, ஒவ்வொரு தடவையும் பேனாக் கத்தியால் நெம்ப வேண்டும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும், இதற்குத்தான் ரிம்ஃபயர் என்று பெயர். தோட்டா இல்லாமல் டக் டக் என்று ட்ரிகரை இழுத்துப் பழகியவர்கள் கையில் இருந்த துப்பாக்கி என்றால், ஊசி நேராகச் சேம்பர் (தோட்டா உட்காரும் குழி) வாயில் அடித்துப் பள்ளம் போட்டிருக்கும். இன்னொன்று, லாங் ரைபிள் தோட்டாவுக்கான சேம்பரில் பல வருடம் குட்டி ஷார்ட் தோட்டாவையே சுட்டிருந்தால் அந்தக் குட்டித் தோட்டா முடியும் இடத்துக்கு முன்னால் வளையமாக அரித்துப்போயிருக்கும், நீளத் தோட்டா போட்டால் பித்தளை அதில் போய்ச் சிக்கும். ஆகவே முதல் வேலை, துப்பாக்கி காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, டார்ச் அடித்துச் சேம்பர் வாயைப் பார்ப்பது. முடிந்தால் ரேஞ்சில் பத்து தோட்டா சுட்டு, வெற்றுப் பித்தளையை எடுத்துப் பாருங்கள். வீங்கியோ கிழிந்தோ இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

சரி, எந்த வகை? பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மார்ட்டினி கிடைத்தால், அதுவும் 12 அல்லது 15 மாடல் என்றால், குறி பார்த்துச் சுட அதுதான் என் கட்சி. கீழே இருக்கும் லீவரை இறக்கினால் சேம்பரை அடைக்கும் இரும்புக் கட்டியான பிளாக் தாழும், தோட்டாவை வைத்து மூடினால் முடிந்தது. கனம் கிட்டத்தட்ட நாலு கிலோ, தூக்கிக்கொண்டு நடக்க ஆகாது, படுத்துச் சுட அருமை. ஆனால் பலர் இதைப் பேரல் நுனிப் பக்கத்திலிருந்தே கம்பி விட்டுத் துடைத்திருப்பார்கள், அதனால் பேரல் நுனியின் உள்விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், அப்புறம் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் குண்டுகள் ஒன்றுசேராமல் விரிந்துதான் விழும். போல்ட் வகையில் போல்ட்டை (பின்னால் இழுத்துத் திறக்கும் இரும்புத் தண்டு) உருவிவிட்டால் பின்னாலிருந்து பேரலை நேராகப் பார்க்கலாம், துடைப்பதும் சுலபம், புதிதாகப் பழகுபவருக்கு நான் இதையே சொல்வேன். சில பழைய போல்ட் துப்பாக்கிகளில், வின்செஸ்டர் 67 மாதிரி, போல்ட்டை மூடிய பிறகு பின் குமிழைக் கையால் இழுத்தால்தான் காக் ஆகும், அதாவது சுடத் தயாராகும். அது குறை இல்லை, நிதானம்.

ஸ்டீவன்ஸ் ஃபேவரிட் மாதிரி நூறு வருடத்துக்கு மேற்பட்ட மெல்லிய துப்பாக்கி அழகுதான், ஆனால் வேகத் தோட்டா போடாதீர்கள். பேரலில் .32 ரிம்ஃபயர் என்று வெட்டியிருந்தால் அது ஷோகேஸுக்கு, தோட்டா கிடைக்காது.

பேரலுக்குள் கருப்பு வளையம் தெரிந்தால் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருந்தபோது சுட்டு வீங்கியது. விட்டுவிடுங்கள். லேசான புள்ளித் துரு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், 1930க்கு முந்தைய தோட்டாக்கள் பெரும்பாலும் பேரலை அரிப்பவை, அந்தக் காலத்துத் துப்பாக்கியில் அது இல்லாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

இதையெல்லாம் இவ்வளவு பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதில் ஒரு இடத்தை வராத தோட்டாவுக்குக் கொடுப்பீர்களா? லைசென்ஸுக்கு மதுரை நகருக்குள் என்றால் கமிஷனர் அலுவலகம், வெளியே மேலூர், உசிலம்பட்டி என்றால் கலெக்டர் அலுவலகம். பேரலில் உள்ள எண்ணும் விற்பவர் லைசென்ஸில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். "வேட்டைக்கு வாங்குகிறேன்" என்று நினைப்பவர் அந்த நினைப்பை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு மறந்துவிடலாம்.

வாங்கிய அன்றே பட், பேரல், எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை டெபாசிட் செய்யச் சொல்வார்கள், என்னுடையது திரும்பி வந்தபோது பட்டில் ஒரு விரல் நீளக் கீறல், முன்பே இருந்ததா இல்லையா என்று சொல்ல என்னிடம் ஒரு படமும் இல்லை.