ஏரிச் சேற்றிலிருந்து காட்டின் வரலாறு: மகரந்தத் தரவை விரிதாளில் கையாளும் முறை

ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைச்சரிவில் எந்த மரம் நின்றது என்பதை ஏரிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தை நுண்ணோக்கியில் கண்வைத்துத் துகள் துகளாக எண்ணி யாரோ ஒருவர் கண்டறிந்து வைத்திருக்கிறார். அப்படி எண்ணியவர்களின் உழைப்பு ஆயிரக்கணக்கான ஏரிகளுக்கும் சதுப்புகளுக்கும் சேர்த்து நியோட்டோமா என்ற திறந்த தரவுத்தளத்தில் கிடக்கிறது. பணம் கட்ட வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பதிவிறக்கிய கோப்பைத் திறந்து பார்த்ததும் பலர் அப்படியே மூடிவிடுகிறார்கள். லத்தீன் பெயர்கள், நான்கெழுத்துக் குறிகள், என்னவென்று தெரியாத எண்கள். அந்தக் கோப்பிலிருந்து நம்பகமான ஒரு வரைபடம் வரைவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். எதில் சதவீதம்? எந்த ஆண்டு? மகரந்த வரைபடங்களில் நான் பார்த்த குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வந்தவை.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ரோஜர்ஸ் ஏரியை எடுத்துக்கொள்வோம். மகரந்த ஆய்வாளர் மார்கரெட் டேவிஸ் 1969-இல் வெளியிட்ட ஆய்வால் இந்தத் துறையில் பெயர் பெற்ற ஏரி அது. தென் கனெக்டிகட்டின் காட்டு மரங்கள் மாறி வந்த வரிசை முன்பே நன்றாகத் தெரியும் என்பது இன்னொரு வசதி. சேற்றின் அடியில் ஸ்ப்ரூஸ், அதற்கு மேல் பைன், பிறகு ஓக்கும் ஹெம்லாக்கும், அடுத்து ஓக்கும் ஹிக்கரியும், அதன்பின் ஓக்கும் செஸ்ட்நட்டும், உச்சியில் ஐரோப்பியக் குடியேறிகள் காட்டை வெட்டியதும் பரவிய ராக்வீட் என்ற களை. உங்கள் வரைபடத்தில் இந்த வரிசை வரவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிசகு என்று உடனே தெரிந்துவிடும். விடை தெரிந்த கணக்கில் பழகுவதே நல்லது.

கருவிகள்

லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் போதும். எக்செலை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) திறக்கும்போதே சில எண்களைத் தேதியாக மாற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. கால்க் முதலில் ஒரு பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் எப்படிப் படிப்பது என்று உங்களைக் கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அதைப் பயன்படுத்துகிறேன். ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் நியோட்டோமா2 என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. பத்து ஏரிகளை ஒப்பிடும் நாள் வரும்போது அது இல்லாமல் முடியாது. ஆனால் முதல் ஏரியைக் கையால் செய்யுங்கள். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தவருக்குத்தான் பிறகு நிரல் செய்வது சரியா தவறா என்று தெரியும்.

படி 1: பதிவிறக்கம்

நியோட்டோமா எக்ஸ்ப்ளோரர் என்ற அத்தளத்தின் தேடல் பக்கத்தில் ஏரியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் தேடுங்கள். தரவு வகையில் மகரந்தத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்தில் தோன்றும் புள்ளியைச் சொடுக்கினால் அந்த இடத்தின் தரவுத் தொகுப்புகள் வரும். மாதிரிகள் பகுதியிலிருந்து சி.எஸ்.வி. கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

அதோடு நின்றுவிடாதீர்கள். அதே இடத்துக்குக் காலக்கணிப்புத் தரவு தனித் தொகுப்பாக இருக்கும். சேற்றின் வயதை அறிய உதவும் கதிரியக்கக் கார்பன் அளவீடுகள் மகரந்தக் கோப்பில் இருக்காது, இங்கேதான் இருக்கும். நான்காம் படிக்கு அது கட்டாயம் வேண்டும். வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் விவரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தரவை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் எண்ணியவரின் பெயரையும் தரவுத்தளத்தின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அது வெறும் சடங்கு அல்ல. ஒரு மாதிரிக்கு முந்நூறு, நானூறு துகள்களை அடையாளம் கண்டு எண்ணுவது கண்ணையும் கழுத்தையும் பதம் பார்க்கும் வேலை.

படி 2: வரிசைகளைப் பிரித்தல்

கோப்பில் ஒவ்வொரு வரிசையும் ஒரு தாவரம். ஒவ்வொரு நெடுவரிசையும் ஓர் ஆழம். பெயருக்கு அருகே தாவரக் குழுவின் நான்கெழுத்துக் குறி இருக்கும். டி.ஆர்.எஸ்.எச். என்றால் மரமும் புதரும். யு.பி.எச்.இ. என்றால் நிலத்தில் வளரும் சிறு செடிகள். ஏ.க்யூ.வி.பி. என்றால் நீர்த் தாவரங்கள். வி.ஏ.சி.ஆர். என்றால் பெரணி போல, விதையில்லாமல் ஸ்போர் என்ற நுண்துகளால் பெருகும் தாவரங்கள். எல்.ஏ.பி.ஓ. என்றிருப்பது தாவரமே அல்ல, ஆய்வகத்தில் சேர்த்தவற்றின் கணக்கு. இந்தக் குறியை வைத்து முழுத் தாளையும் வரிசைப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து பைன். பழைய தரவுகளில் பைன் ஒரே பெயரில் இருக்காது. ஒரு துணைப்பேரினம், மற்றொரு துணைப்பேரினம், எதுவென்று பிரிக்க முடியாத பைன் என்று மூன்று வரிசைகளாகச் சிதறிக் கிடக்கலாம். காரணம் எளியது: துகள் முழுதாக இருந்தால் பிரிக்கலாம், கசங்கியிருந்தால் முடியாது. மூன்றையும் கூட்டி ஒரே வரிசையாக்குங்கள். ஒன்றை மட்டும் வரைந்தால், துகள் எவ்வளவு கசங்கியிருக்கிறது என்பதைத்தான் வரைந்திருப்பீர்கள், காட்டை அல்ல.

படி 3: எதில் சதவீதம்?

மரம், புதர், நிலச்செடி ஆகிய குழுக்களை மட்டும் கூட்டுங்கள். அதுதான் அடிக்கூட்டு. ஒவ்வொரு எண்ணையும் அந்த மாதிரியின் அடிக்கூட்டால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். சூத்திரத்தில் அடிக்கூட்டின் வரிசை எண்ணுக்கு முன் டாலர் குறி இட்டுப் பூட்டிவிட்டால் கீழே இழுத்து நிரப்பும்போது நழுவாது.

நீர்த் தாவரத்தை ஏன் விட வேண்டும்? ஏரியின் ஓரம் தூர்ந்து அல்லியும் கோரையும் சேற்றெடுத்த இடத்தை நெருங்கி வந்தால், அவற்றின் மகரந்தம் குவியும். அதை அடிக்கூட்டில் சேர்த்தால் ஓக்கின் சதவீதம் இறங்கும். கரையில் ஒரு ஓக் மரம்கூடச் சாய்ந்திருக்காது, வரைபடத்தில் மட்டும் ஓக் காடு அழிந்திருக்கும். நீர்த் தாவரத்தையும் பெரணியையும் அதே அடிக்கூட்டால் வகுத்துத் தனியே காட்டுங்கள். எந்தெந்தக் குழு அடிக்கூட்டில் இருக்கிறது என்பதை வரைபடத்தின் கீழேயே எழுதுங்கள். அது எழுதப்படாத வரைபடத்தை நான் நம்புவதில்லை.

படி 4: எந்த ஆண்டு?

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

ஹெம்லாக் மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுவதும் ஒரு கட்டத்தில் சட்டென்று வீழ்ந்தது. ஒரு கட்டுரை அந்த வீழ்ச்சிக்கு 4800 ஆண்டு என்று வயது சொல்லும். இன்னொன்று 5500 என்னும். இரண்டு ஏரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் புதியவர், மரம் ஒரு மாநிலத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் அழிந்தது என்று முடிவுகட்டிவிடலாம். உண்மையில் இரண்டும் ஒரே நிகழ்ச்சி. 4800 என்பது கதிரியக்கக் கார்பன் ஆண்டு. அதைத் திருத்தினால் ஏறத்தாழ 5500 நாட்காட்டி ஆண்டு.

வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே சீராக இருந்ததில்லை. அதனால் ஆய்வகம் தரும் வயது நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. மர வளையங்களையும் வேறு பதிவுகளையும் வைத்து உருவாக்கிய திருத்த வளைகோடு ஒன்று உண்டு. வட அரைக்கோளத்துக்கு இப்போது வழக்கில் இருப்பது இன்ட்கேல்20. அது 55,000 ஆண்டு வரை போகிறது. வேறுபாடு எங்கும் ஒரே அளவல்ல. 10,000 கார்பன் ஆண்டைத் திருத்தினால் சுமார் 11,500 வரும். ஆகவே ஒரு நிலையான எண்ணைக் கூட்டித் தப்பிக்க முடியாது.

நியோட்டோமாவில் ஒவ்வொரு காலவரிசைக்கும், அதாவது எந்த ஆழத்துக்கு எந்த வயது என்ற பட்டியலுக்கும், அதன் ஆண்டு வகை எழுதப்பட்டிருக்கும். கதிரியக்கக் கார்பன் ஆண்டா, திருத்திய ஆண்டா என்று முதலில் அதைப் பாருங்கள். ஒரே ஏரிக்கு இரண்டு மூன்று காலவரிசைகள் இருப்பதும் உண்டு. பழைய வட அமெரிக்கத் தரவில் திருத்தாத காலவரிசைகள் நிறைய. திருத்திய காலவரிசை ஏற்கெனவே இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் நாமே செய்ய வேண்டியதுதான்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் அளவிட்ட தேதிகளைத் திருத்துங்கள். பிறகுதான் இடைப்பட்ட ஆழங்களுக்கு வயது கணக்கிடுங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். கார்பன் ஆண்டில் இடைக்கணிப்பு செய்துவிட்டு ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே திருத்தினால், வளைகோட்டின் மேடு பள்ளமெல்லாம் உங்கள் ஏரியின் படிவு வேகமாக மாறி வந்து நிற்கும்.

திருத்துவதற்குக் காலிப் என்ற இணையக் கருவி எளிது. வயதையும் பிழை வரம்பையும் கொடுத்தால் சாத்தியமான வீச்சையும் நடுமதிப்பையும் தரும். பழகும்போது நடுமதிப்பைப் பயன்படுத்துங்கள், வீச்சையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இப்போது இரண்டு தேதிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்: 300 செ.மீ. ஆழத்தில் 5000, 400 செ.மீ. ஆழத்தில் 7000. நூறு செ.மீ.க்கு 2000 ஆண்டு, அதாவது செ.மீ.க்கு 20 ஆண்டு. 325 செ.மீ. மாதிரியின் வயது 5500. இவ்வளவுதான் கணக்கு. ஆய்வேட்டுக்குப் போகும் வேலை என்றால் ஆர் மொழியில் பேக்கன் என்ற தொகுப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். அது பிழை வரம்பையும் சேர்த்துச் சுமந்து செல்லும்.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பன் நீர்ச்செடிகளில் சேர்ந்து, சேற்றின் வயதை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். காலக்கணிப்புத் தொகுப்பில் எதை அளந்தார்கள் என்று எழுதியிருக்கும். நிலத் தாவரத்தின் இலையா, விதையா, மொத்தச் சேறா என்று பாருங்கள். ஒரு இலையின் தேதிக்கு நான் தரும் மதிப்பு மொத்தச் சேற்றின் தேதிக்குத் தருவதில்லை.

படி 5: வரைதல்

கோட்டு வரைபட வகையைத் தொடாதீர்கள். அது மாதிரிகளைச் சம இடைவெளியில் வைத்துவிடும். ஏரி அப்படிப் படிவதில்லை. சிதறல் வரைபடத்தை எடுத்து, சதவீதத்தைக் கிடையாகவும் வயதை நெடுக்காகவும் வையுங்கள். நெடுக்கு அச்சைத் தலைகீழாக்கினால் இன்றைய காலம் மேலேயும் பழங்காலம் கீழேயும் வரும். ஸ்ப்ரூஸ், பைன், ஹெம்லாக், ஓக், ஹிக்கரி, செஸ்ட்நட், ராக்வீட் என்று ஏழு சிறு படங்களை அருகருகே நிறுத்துங்கள். மேலே சொன்ன வரிசை வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஹெம்லாக் சுமார் 5500-ஐ ஒட்டி இறங்க வேண்டும்.

அந்த இறக்கம் ஏன் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயோ பூச்சியோ என்று டேவிஸ் கருதினார். வறட்சியே காரணம் என்று பிறகு பலர் வாதிட்டார்கள். இன்று ஆசியாவிலிருந்து வந்த ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி அதே காடுகளில் அதே மரத்தைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஒரு மரம் போனால் காடு எப்படித் தன்னை மாற்றிக்கொள்ளும், மீள எவ்வளவு காலம் ஆகும் என்று அறிய நம் கையில் உள்ள பழைய சான்று இந்தச் சேறுதான்.

படி 6: சதவீதம் ஏமாற்றும் இடம்

சதவீதத்தின் கூட்டு எப்போதும் நூறு. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே ஆக வேண்டும். ரோஜர்ஸ் ஏரியின் அடியில், பனிப்பாறை பின்வாங்கிய காலத்துச் சேற்றிலும் மரத்தின் மகரந்தம் சதவீதத்தில் தெரிகிறது. ஆனால் ஒரு சதுர செ.மீ. பரப்பில் ஆண்டுக்கு எத்தனை துகள் விழுந்தது என்று டேவிஸ் கணக்கிட்டபோது அந்தக் காலத்தில் மொத்த மகரந்தமே மிகக் குறைவு என்று தெரிந்தது. சுற்றிலும் மரமற்ற துந்திரா. காற்றில் தொலைவிலிருந்து வந்த துகளே சதவீதத்தில் காடுபோல் நின்றது.

அந்தக் கணக்கை நீங்களும் செய்யலாம். லைகோபோடியம் என்ற பெரணி போன்ற செடியின் ஸ்போர்களை எண்ணிக்கை தெரிந்த மாத்திரைகளாகச் சேற்றில் கரைத்துவிடும் முறையை 1971-இல் ஸ்டாக்மார் அறிமுகப்படுத்தினார். அதன்பின் வந்த பல தொகுப்புகளில் எல்.ஏ.பி.ஓ. குழுவில் அந்த விவரம் இருக்கும். சேர்த்தது 20,000 ஸ்போர், அதில் கண்ணில் பட்டது 75, எண்ணிய மகரந்தம் 300, எடுத்த சேறு ஒரு கன செ.மீ. என்றால், 300-ஐ 20,000-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க, கன செ.மீ.க்கு 80,000 துகள். படிவு வேகம் ஆண்டுக்கு 0.05 செ.மீ. என்றால் ஆண்டுக்குச் சதுர செ.மீ.க்கு 4000 துகள். படிவு வேகம் நான்காம் படியிலிருந்து வருவதால், தேதி தவறினால் இதுவும் தவறும்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

எண்ணிக்கையில் 0.5 வருகிறதே, கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. பைன், ஸ்ப்ரூஸ் துகள்களுக்கு இரண்டு காற்றுப்பைகள் உண்டு. உடைந்து ஒரு பை மட்டும் கிடைத்தால் அரைத் துகள் என்று எண்ணுவார்கள். முழு எண்ணாக மாற்றாமல் அப்படியே விடுங்கள்.

வயது எதிர்மறை எண்ணாக இருந்தால் அஞ்ச வேண்டாம். இந்தக் கணக்கில் பூஜ்யம் என்பது 1950. கழித்தல் 20 என்றால் 1970.

லைகோபோடியம் இரண்டு வரிசைகளில் வருவதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். ஒன்று அந்தக் காட்டிலேயே வளர்ந்த செடியின் ஸ்போர், மற்றொன்று மாத்திரையில் இருந்தது. பெயரைப் பார்த்துக் கூட்டிவிடாதீர்கள். குழுக் குறியைப் பாருங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மகரந்தத்தைக் கற்க எங்கே போவது என்ற கேள்வியும் வந்தது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களின் மகரந்த மாதிரித் தொகுப்பு இருக்கிறது. அந்நிறுவனத்தின் மகரந்தப் பட நூல்கள் இன்றும் பயன்படுகின்றன. துகளைப் பார்த்து மரத்தைச் சொல்லும் பயிற்சிக்கு அங்கிருந்து தொடங்குங்கள். நியோட்டோமாவில் இறக்கிய எண்ணை எப்படி அணுக வேண்டும் என்பது, பத்துத் துகளையாவது நீங்களே நுண்ணோக்கியில் அடையாளம் கண்ட பிறகு இன்னும் தெளிவாகப் புரியும்.