நின்றுபோன நாவலைப் போயாவுக்குப் போயா நகர்த்துவது

திருகோணமலை டவுனில் தட்டச்சு, போட்டோக் கொப்பி, பைண்டிங் செய்கிற சின்னக் கடை என்னுடையது. முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கல்யாணக் கார்ட், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிற மேன்முறையீடு என்று வருகிற வேலைகளுக்கு நடுவே, இடைக்கிடை யாராவது ஒருவர் சீ.ஆர். கொப்பியோடு, அந்தத் தடித்த மட்டைக் கொப்பியோடு, வந்து நிற்பார். "நாவல். அரைவாசி முடிஞ்சுது. இதை அடிச்சு வையுங்கோ, மிச்சத்தைக் கெதியா எழுதித் தாறன்." மிச்சம் வராது. தந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் வரமாட்டார். நானும் நாவல் எழுதுகிறவள் என்பதால் அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட மனம் வருவதில்லை.

அந்தக் கையெழுத்துகளை அடித்து அடித்து ஒரு விசயம் பிடிபட்டது. நாவல் நின்ற பக்கத்தில் பழுது இருப்பது குறைவு. அதற்கு இருபது முப்பது பக்கம் முன்னாலேயே கதை நொண்டத் தொடங்கியிருக்கும். எழுத்து சிறுக்கும், வெட்டுகள் கூடும். நீலப் பேனை திடீரென்று கறுப்பாகும். இடையில் சில நாள் போயிருக்கிறது என்று அர்த்தம். பாத்திரங்கள் காரணமில்லாமல் தேத்தண்ணி குடிக்கத் தொடங்குவார்கள். ஆகவே முதல் வேலை, எழுதாமல் உட்கார்ந்து கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி அந்த இடத்துக்கு ஒரு குறி போடுவது. போனில் எழுதுகிறவர்களுக்குக் கையெழுத்து காட்டிக் கொடுக்காது. அவர்கள் அன்றன்று எழுதியதன் கீழே தேதி போடப் பழகட்டும்.

குறி போட்ட பிறகும் பழுது என்ன என்று எழுதியவருக்குத் தெரியாது. முழுக் கதையும் அவருடைய மனதில் ஓடுகிறது, தாளில் இல்லாததையும் சேர்த்தே வாசிக்கிறார். இங்கேதான் வேறு ஆட்கள் வேண்டும்.

யாரைச் சேர்ப்பது, எங்கே கூடுவது

நாங்கள் ஐந்து பேர். உவர்மலையில் இருக்கிற, இளைப்பாறிய தமிழ் ரீச்சர். எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற கிண்ணியாக்காரர். மூதூரில் இருந்து லோஞ்சில் (மோட்டார் படகில்) வருகிற தம்பி. ரயில்வேயில் வேலை செய்து ஓய்வெடுத்த ஐயா. பிறகு நான். இதில் ஐயா ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுதும் ஆசையும் இல்லை. வாசிப்பார், அவ்வளவுதான். அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். எழுதுகிறவர்கள் மட்டும் கூடினால் நடையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்போம். "அந்தப் பொடியனுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்க ஆளிருக்காது.

சொந்தக்காரரைச் சேர்க்காதீர்கள். அவர்கள் கதையில் தங்களைத் தேடுவார்கள். ஒரே வயது, ஒரே தெரு, ஒரே படிப்பு என்றும் சேர்க்காதீர்கள். ஐந்துக்கு மேல் போனால் ஒருவருடைய முறை வர மாதக்கணக்கு ஆகும்.

நாளுக்குப் பெரிய யோசனை வேண்டாம். போயா, அதாவது பௌர்ணமி நாள், இலங்கையில் எல்லாருக்கும் லீவு. கந்தோர்கள் பூட்டு, ஆகவே என் கடைக்கும் ஆள் வராது. பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போகிற ரீச்சர் வந்து சேர பத்து மணியாகும். போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் நானா ஜும்ஆவுக்குப் போக வேண்டும், ஒன்பதுக்கே தொடங்கிவிடுவோம். மாதம் ஒரு தரம் என்பதும் சரியான அளவு. கிழமைக்கு ஒரு தரம் என்றால் எழுத நேரம் இருக்காது, கூட்டத்துக்கு வருவதே எழுத்து வேலை மாதிரி ஆகிவிடும்.

கடற்கரையை நம்பாதீர்கள். உட்துறைமுகத்துப் பக்கமோ டச்சுக்குடாவோ பார்க்க அழகுதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தாளைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மரநிழலில் ஒரு தரம் கூடினோம். புள்ளிமான் ஒன்று பின்னால் வந்து தம்பியின் அத்தியாயத்தில் ஓர் ஓரத்தைக் கடித்துவிட்டது. "இண்டைக்கு இதுக்கு மேல விமர்சனம் தேவையில்லை" என்றார் ஐயா. அதற்குப் பிறகு ரீச்சர் வீட்டு விறாந்தைதான்.

எப்படி வாசிப்பது

முழு நாவலையும் கொண்டு வரக்கூடாது. குறி போட்ட இடத்தைச் சுற்றி ஆறு ஏழு பக்கம் போதும். அதற்கு முன் நடந்தது என்ன என்று அரைப்பக்கத்தில் எழுதி மேலே வைக்க வேண்டும். இந்த அரைப்பக்கத்தை எழுத முடியாமல் திணறினால், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

எழுதியவர் வாசிக்கக்கூடாது. இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. எழுதியவர் வாசித்தால் குரலாலேயே ஓட்டைகளை அடைத்துவிடுவார். இன்னொருவர் வாசிக்கட்டும். அவர் எங்கே தடுக்கி விழுகிறார், எந்த வசனத்தை இரண்டாம் தரம் எடுக்கிறார், எங்கே வேகமாகப் போகிறார் என்று எழுதியவர் தன் பிரதியில் கோடு போட்டுக்கொண்டே வரவேண்டும். பிறகு ஒவ்வொருவரும் பேசி முடியும்வரை அவர் வாயே திறக்கக்கூடாது. "இல்லை, அது ஏனெண்டால் அவளின்ர தகப்பன்..." என்று தொடங்கினால் ரீச்சர் விரலைக் காட்டுவார். அந்தத் தகப்பன் தாளில் இல்லையே!

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்ற பதில்தான் வரும், எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே வேறு சொல்ல மாட்டார்கள். நாங்கள் கேட்பது இவை: எந்த இடத்தில் உங்களுக்கு வேறு யோசனை வந்தது? இவர்களில் யார் போனால் உங்களுக்குக் கவலையில்லை? இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு மற்ற நாலு பேரும் ஒரே பதில் சொன்னால் கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டது; எழுதியவருக்கும் உள்ளே அலுத்துவிட்டது, அதனால்தான் பேனை நின்றது. ஒருவருக்கும் ஒரு பதிலும் வராவிட்டால் கதையில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

பாதையடியில் நடந்தது

தம்பியின் நாவல் நின்ற கதையைச் சொன்னால் விளங்கும். அவருடைய ஆறாம் அத்தியாயம் 1998 இல், கிண்ணியாவில் நடக்கிறது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை இரவோடிரவாகத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார். பாலத்தைக் கடக்கிறார், சேர்க்கிறார், பிள்ளை பிழைக்கிறது. ஏழாம் அத்தியாயம் இரண்டு பக்கத்தோடு நின்று மாதங்கள் போய்விட்டன. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

நான் வாசித்துக்கொண்டு போக, நானா கையைத் தூக்கினார். "தம்பி, 2009க்கு முந்தி பாலமேது? பாதையிலதான் கடக்கிற." பாதை என்று எங்கள் பக்கம் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரைக்குக் கரை போகிற மிதவையை.

தம்பி மூதூர்ப் பிள்ளை, டவுனுக்கு லோஞ்சில் வந்து பழகியவர். கிண்ணியாப் பாலம் திறந்தபோது பள்ளிக்கூடம் போகிற வயது. நானா விடவில்லை. பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் காத்திருக்க வேண்டும். சைக்கிளை உருட்டி ஏற்ற வேண்டும், லொறி நின்றால் அதற்கும் இடம் விட வேண்டும். இருட்டில் தண்ணீருக்கு அப்பால் வெளிச்சம் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த நிற்பில் எல்லாரும் எல்லாருடைய வீட்டுக் கதையையும் கதைத்துவிடுவார்கள்.

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய தம்பி கொப்பியில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். பாலம் இருந்ததால்தான் தகப்பன் இரண்டு வரியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், கதைக்கும் அங்கே வேலை முடிந்துவிட்டது. பாலத்தை எடுத்துவிட்டால் தகப்பனும் தாயும் மாமியாரும் கரையில் நிற்க வேண்டும். மூன்று அத்தியாயமாகச் சொல்லாமல் வைத்திருந்த சீதன வீட்டுப் பிரச்சினை அங்கே வெடித்தே ஆகவேண்டும். அடுத்த போயாவுக்கு ஒன்பது பக்கத்தோடு வந்தார். ஏழாம் அத்தியாயத்துக்கு இப்போது வேறு தொடக்கம்.

நானா கதை எப்படிப் போகவேண்டும் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தனக்குத் தெரிந்த கரையைச் சொன்னார், அவ்வளவுதான். குழுவிடம் எடுக்க வேண்டியது இதைத்தான். "நானெண்டால் அந்தப் பிள்ளையைச் சாகவிட்டிருப்பன்" என்கிற மாதிரி யோசனைகளுக்குச் சிரித்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மறந்துவிடுங்கள். ஆனால் மூன்று பேர் ஒரே பக்கத்தில் அலுப்புப்பட்டால் அந்தப் பக்கத்தோடு வாதாட வேண்டாம்.

தகவலால் நிற்பது, நோவால் நிற்பது

என் நாவல் 1942 ஏப்ரல் 9 இல் தொடங்குகிறது, ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட நாள். அது நின்றது தகவல் கூடிப்போய். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்கும் ஊரை விட்டு நடக்கிற என் கதாநாயகிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வாசிக்க வாசிக்க ருசி. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் கிடக்கின்றன, உள்ளே போனால் விடிந்துவிடும். குழு எனக்குத் தடை போட்டது: முதல் வரைவு முடியும்வரை புதிதாக ஒன்றும் தேடக்கூடாது. தெரியாத இடத்தில் ### என்று மூன்று குறி போட்டுவிட்டு எழுதிக்கொண்டே போகிறேன். பிறகு கணினியில் அந்தக் குறியைத் தேடினால் நிரப்ப வேண்டிய இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கேள்விகளை ஒரு தாளில் சேர்த்து ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன், தேடுவது இப்போது அவருடைய பொழுதுபோக்கு.

ரீச்சர் நின்றது வேறு மாதிரி. அவருடைய நாவல் 1990 இல், யுத்தம் திரும்பத் தொடங்கிச் சனம் இடம்பெயர்ந்த வருடத்தில், வந்து நின்றது. எங்கள் மாவட்டத்தில் அந்த வருடத்தில் நிற்கிறவரிடம் ஏன் என்று கேட்பதில்லை, எழுதுங்கள் என்று நெருக்குவதும் இல்லை. அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு மட்டும் போட்டு வெறும் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, வருடங்கள் கழித்துக் கதாநாயகி திரும்பி வந்து வீட்டுப் பூட்டைத் திறக்கிற இடத்தில் இருந்து எழுதுகிறார். வெறும் தாள் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நாவல் ஓடுகிறது.

இன்னொன்று, எங்கள் ஊரில் நாவல் எழுத உட்காருகிற எவரிடமும் யாராவது ஒருவர் 1895 இல் மோகனாங்கியை எழுதிய சரவணமுத்துப்பிள்ளையை ஞாபகப்படுத்துவார். தமிழின் முதல் வரலாற்று நாவலாசிரியர் நம்மவர், நீங்கள் எப்படி என்று. பெருமைதான். முதல் வரைவு எழுதுகிற காலத்தில் இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

சில்லறை வேலைகள்

கூட்டத்தின் இரண்டாம் பாதியில் கதையே இல்லை. போன்களைக் கடகத்தில் போட்டு உள்ளறையில் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் எல்லாரும் எழுதுவோம். பக்கத்தில் நாலு பேர் குனிந்து எழுதும்போது நமக்கு மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருக்கும். பக்கம் இல்லாமல் வருகிறவர் வடைக்கும் பிளேன்டீக்கும் காசு கொடுக்க வேண்டும். தொகை சின்னதாக இருப்பது நல்லது, பெரிதாக்கினால் ஆள் வராமலே விட்டுவிடுவார்.

பாமினி எழுத்துருவில் அடித்தவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்புமுன் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வாசிக்கிறவருடைய போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். மாற்றிய பிறகு கொம்பு, கால் எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பக்கமாவது சரிபாருங்கள். கோப்பின் ஒரு பிரதி குழுவில் ஒருவரிடம் எப்போதும் இருக்கட்டும். கடையில் பழுதான பென்டிரைவோடு வந்து நிற்கிற முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாவல் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டால் வாசிக்கக் கொடுப்பதை நிறுத்துங்கள். கூட்டத்துக்கு வாருங்கள், மற்றவர்களுடையதைக் கேளுங்கள், அந்த ஒரு மணித்தியாலம் எழுதுங்கள், உங்கள் பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள். ஓடுகிற கதையை ஐந்து பேர் மாதாமாதம் தொட்டால் அது ஐந்து பேருக்கும் பிடித்த கதையாக மாறிவிடும்.

முடிந்ததும் ஒரே ஒரு பிரதி எடுங்கள். ஏ4 தாள், வரிகளுக்கிடையில் நல்ல இடைவெளி, வலப்பக்கம் அகலமான ஓரம், ஸ்பைரல் பைண்டிங். அந்த ஒரு பிரதியே எல்லாரிடமும் சுற்றிவர வேண்டும். ஆளுக்கொரு நிறப் பேனை, முதல் ஆள் எழுதியதன் கீழே இரண்டாம் ஆள் மறுத்தும் எழுதலாம். எழுதாத வாசகரிடம் கடைசியாகக் கொடுங்கள். எங்கள் ஐயா பேனையே எடுக்கமாட்டார். அவரிடம் எந்தப் பக்கத்தில் நித்திரை வந்தது என்று மட்டும் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.