பழைய கார் செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

என் வண்டி 1998 மாடல். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்ப்ரேட்டர். பெயரைச் சொல்லாமலே எந்த வண்டி என்று தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையில் முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் பாதி சக்கரம் முழுகும் தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் ஆயில் மாற்றி, பிளக்கைத் துடைத்து, பிரேக் டிரம்மைக் கழற்றிச் சேற்றை வழித்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தேன். ஆறேழு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. அதோடு சரி.

கடையில் காட்டினேன். பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது போட்டேன். இரண்டு நாள் ஓடியது, மறுபடி 'டக்'. செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். மறுபடி 'டக்'. கடைசியில் கோளாறு நூற்றைம்பது ரூபாய் எர்த் பட்டையில் இருந்தது. இன்ஜினை வண்டியின் பாடியோடும், அதன் வழியே பேட்டரி மைனஸோடும் இணைக்கும் பட்டை அது. நீங்களும் அந்தச் சுற்று சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். தெருக்கடையில் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும், டிசி 20 வோல்ட் அளவு இருந்தால் சரி. 10, 12, 14 நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், சாவி திருப்ப ஓர் ஆள். டெஸ்ட் லேம்ப் வாங்குவதாக இருந்தால் எல்இடி வைத்ததை வாங்காதீர்கள். ஒரு ஹோல்டரில் 21 வாட் பிரேக் லைட் பல்பைப் போட்டு இரண்டு வயர் இழுத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும், அதனால் பலவீனமான வயர் உடனே மாட்டிக்கொள்ளும். எல்இடி, செத்துப்போன வயரிலும் பளிச்சென்று எரிந்து உங்களை ஏமாற்றும்.

மோதிரம், ஸ்டீல் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

சத்தத்தைக் கேளுங்கள்

பாதி வேலை காதிலேயே முடிந்துவிடும். சாவியைத் திருப்பினால் 'டகடகடக' என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். 'உய்ங்' என்று செல்ஃப் மட்டும் தனியாகச் சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் பல், அதாவது இன்ஜினைச் சுற்றவைக்கும் செல்ஃபின் பல்சக்கரம், கோர்க்கவில்லை. செல்ஃபைக் கழற்றித்தான் ஆக வேண்டும். டேஷ்போர்டு விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது அங்கிருந்து சோலனாய்டுக்கு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய வயர். என் வண்டியில் வந்த ஒற்றை 'டக்' இருக்கிறதே, அதுதான் குழப்பம் பிடித்தது. சோலனாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் இல்லை. பேட்டரி, பிரஷ், பிளஸ் கேபிள், எர்த் என்று நான்கில் எதுவாகவும் இருக்கலாம். அளக்காமல் சொல்ல முடியாது.

பேட்டரியை அளப்பது

இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், அதுவரை மேலே போக வேண்டாம். இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தீர்கள் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

நான் விழுந்த குழி

எர்த்தில்தான் கோளாறு இருக்கும் என்று எனக்கும் ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. மீட்டரை 'பீப்' அடிக்கும் இடத்தில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் தொட்டேன். பீப் அடித்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு செல்ஃபைக் கழற்றக் கொடுத்தேன். இதுதான் நான் செய்த மடத்தனம்.

மீட்டர் பீப் அடிக்க ஓரிரண்டு மில்லிஆம்பியர் போதும். பட்டையில் நூறு இழை துருப்பிடித்து அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் அடிக்கும். ஆனால் செல்ஃப், சின்ன வண்டியிலேயே நூறு ஆம்பியர் பக்கம் இழுக்கும். ஓர் ஆள் ஒதுங்கிப் போகிற சந்தில் தேர் வந்தால் என்ன ஆகும்? கணக்காகச் சொன்னால், 0.04 ஓம் தடை இருந்தாலே நூறு ஆம்பியரில் 4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அந்த 0.04 ஓமை மஞ்சள் மீட்டரில் பார்க்கவே முடியாது. அதன் புரோப் வயருக்கே அதைவிட அதிகத் தடை உண்டு.

அதனால் ஓம் அளக்காதீர்கள். செல்ஃப் இழுத்துக்கொண்டிருக்கும்போது வோல்ட் அளங்கள். இப்படி:

1. இக்னிஷன் காயிலின் (பிளக்குக்குப் பொறி தருவது) பிளஸ் முனைக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றி, எங்கும் படாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்துவிடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டும்.

2. மீட்டர் டிசி 20-ல். கறுப்புப் புரோப் பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையில். கவனியுங்கள், கிளாம்பில் இல்லை, கட்டையின் தலையில். சிவப்புப் புரோப் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில். நான் முதல்தடவை பெயின்ட் அடித்த வால்வு கவரில் வைத்துவிட்டு அரைமணி நேரம் கோணல்மாணலான எண்களைப் பார்த்துக் குழம்பினேன். போல்ட்டின் தலையை உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்துவிடுங்கள்.

3. இப்போது மீட்டர் 0.00 காட்டும். 'அப்பாடா' என்று இங்கே எழுந்துவிடாதீர்கள், இன்னும் அளக்கவே ஆரம்பிக்கவில்லை. உள்ளே இருப்பவரை மூன்று விநாடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த மூன்று விநாடியில் தெரிகிற எண்தான் உங்களுக்கு வேண்டியது. 0.3-க்குக் கீழே இருந்தால் எர்த் சரி. எனக்கு 4.6 காட்டியது.

4. அதேபோலப் பிளஸ் பக்கம். பேட்டரியின் பிளஸ் கட்டைக்கும் செல்ஃபில் தடித்த கேபிள் ஏறும் போல்ட்டுக்கும் நடுவே அளங்கள். 0.5-க்குள் இருக்க வேண்டும்.

5. கட்டைக்கும் அதன் கிளாம்புக்கும் நடுவே. இங்கே பூஜ்யம்தான் வர வேண்டும். 0.1-க்கு மேல் போனால் நடுவில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, தேய்த்து, இறுக்குங்கள்.

6. கடைசியாகப் பேட்டரியின் இரண்டு கட்டைகளிலும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிதான் குற்றவாளி. இறங்கவில்லை, கேபிளும் எர்த்தும் சரி, அப்படியும் 'டக்' என்றால் அப்போது செல்ஃபைக் கழற்றுங்கள்.

ஒவ்வொரு இழுவைக்கும் நடுவே அரை நிமிடமாவது விடுங்கள். செல்ஃப் சூடாகிவிடும்.

என் வண்டியில் பேட்டரி 11.4-ல் நின்றது. அதில் 4.6 எர்த்திலேயே போய்விட்டது, மிச்சம் 6.8 வோல்ட்டை வைத்துக்கொண்டு செல்ஃப் என்ன செய்யும்?

இன்னொரு தடயமும் இருந்தது, கையிலேயே பட்டது, எனக்குத்தான் புரியவில்லை. ஒரு நாள் நாலைந்து தடவை சாவியைத் திருப்பிவிட்டு சோக் குமிழைப் பிடித்தால் வெதுவெதுவென்று இருந்தது. பானெட்டைத் திறந்து கேபிளைத் தொட்டேன், சுட்டது. இன்ஜின் சூடே ஆகவில்லை, சோக் கேபிள் எப்படிச் சுடும்? எதிர் வீட்டில் ஒரு ஐயா, லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, சோக்கு கம்பி சுடுதுன்னா கரண்டு போக வழி தெரியாம அலையுதுன்னு அர்த்தம். எர்த்தப் பாருங்க" என்றார். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லையென்றால் பாடிக்குத் திரும்ப அதற்கு வேறு வழி கிடையாது. சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று கிடைத்த கம்பி வழியாக நூறு ஆம்பியரும் பாயப் பார்க்கும். சில வண்டிகளில் கேபிள் புகைந்தே போகும்.

மீட்டரே இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஜம்ப் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு கிளிப்பைப் பேட்டரி மைனஸிலும் மறு கிளிப்பை இன்ஜின் இரும்பிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் ஜோராகச் சுற்றினால் எர்த் பட்டைதான்.

பட்டை மாற்றுவது

என் வண்டியில் அது கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்குப் போகிறது. கழற்றிக் கையில் எடுத்தபோது மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லக் (போல்ட் நுழையும் முனை வளையம்) சேரும் இடத்தில் மடக்கினேன், பச்சைப் பொடியாக உதிர்ந்தது. மழைத்தண்ணீர் அங்கேதான் தங்கியிருக்கிறது.

புதுப் பட்டை சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையதை வாங்க வேண்டாம், அதுவும் உங்கள் பட்டையின் தம்பியாகத்தான் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் 25 ஸ்கொயர் எம்எம் வெல்டிங் கேபிளை வெட்டி இரண்டு பக்கமும் செம்பு லக் கிரிம்ப் செய்து தரச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் பிடித்தது. போல்ட் உட்காரும் இரண்டு இடத்திலும் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்பை விட்டுவிட்டுப் புதுப் பட்டை போட்டால் பழைய கதைதான். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இன்ஜின் ஆடும், அதனால் கொஞ்சம் தொய்வு விட்டு, சைலன்சர் பைப்பில் படாமல் பாருங்கள்.

மாற்றிய பிறகு 0.12 காட்டியது. சோக் கேபிள் உள்ளே உருகி ஒட்டிக்கொண்டிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

மற்ற எர்த் வம்புகள்

பிரேக் மிதித்தால் பின்னால் இன்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதா? டெயில் லேம்ப் எர்த். ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக இருந்தாலும் முதலில் அந்தப் பக்க எர்த்தைப் பாருங்கள், பல்ப் அப்புறம்.

டிராஃபிக்கில் மட்டும் ஹீட் ஏறினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் இக்னிஷன் ஆனில் வைத்து, தெர்மோ சுவிட்ச் கனெக்டரைப் பிடுங்கி, அதில் இரண்டு வயர் இருந்தால் இரண்டையும் சேருங்கள், ஒன்றே இருந்தால் எர்த்தில் தொடுங்கள். கையை ஃபேனிலிருந்து தள்ளி வையுங்கள். சுற்றினால் சுவிட்ச் கோளாறு. சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார், மறுபடியும் எர்த். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

சார்ஜிங் பார்க்க, இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து ஹெட்லைட் போட்டு பேட்டரியில் அளங்கள். 13.8 முதல் 14.5 வரை நல்லது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள். 15-க்கு மேல் போனால் ரெகுலேட்டர் போயிற்று, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கி 'டைனமோ சார்ஜ் பண்ணுதா' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. நிஜ டைனமோ காலத்துப் பழக்கம் அது. இப்போது எல்லோரும் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டரை. அப்படிப் பிடுங்கினால் வோல்டேஜ் எகிறி அதன் டயோடு போய்விடும். உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: அளக்கும்போது மைனஸ் குறி வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். புரோப் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணை மட்டும் பாருங்கள். இன்னொருவர் சிவப்புப் புரோப்பை 10 ஆம்பியர் ஓட்டையில் செருகி பேட்டரியில் வைத்துவிட்டார். நெருப்புப் பொறி பறந்து புரோப் வயர் உருகிவிட்டதாம். சிவப்பு, வோல்ட் என்று போட்டிருக்கும் ஓட்டையில்தான் இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் தப்பு.

பின்சேர்க்கை 2: யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், மொரிஸ் மைனர் வைத்திருப்பவர், "பற்றரி ரெண்டு மாத்தியாச்சு அண்ணை, நீங்க சொன்ன மாதிரி அளந்தா ஒண்டும் விளங்கேல்லை" என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது பிளஸ். அவருடையதும் அப்படித்தான். அந்த வண்டிகளில் எர்த் சோதனையைப் பிளஸ் கட்டைக்கும் இன்ஜினுக்கும் நடுவே செய்ய வேண்டும், கழற்றும்போது பிளஸ்தான் முதலில். வேறு காரிலிருந்து ஜம்ப் எடுப்பதென்றால் பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு வண்டியின் பம்பரும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி நிறுத்துங்கள். தொட்டால் நேராக ஷார்ட்தான்.