இடத்தோடு ஒட்டிப்போகும் நடைபாலம்: வரையத் தொடங்குவது எப்படி?

பாலத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டால் அது இயற்கையோடு சேர்ந்துவிடாது. நிற்கும் இடம், மெலிவு, செய்த பொருள், இவைதான் அதைச் சேர்க்கும். சுவிட்சர்லாந்தின் வியாமாலா பள்ளத்தாக்கில் பொறியாளர் யூர்க் கொன்செட் வடிவமைத்து 1999-இல் கட்டி முடித்த சூரான்சுன்ஸ் நடைபாலத்தை வைத்தே சொல்கிறேன்.

1. இடம்

பென்சிலை எடுக்கும் முன் கரையில் நடங்கள். ஆறு எங்கே குறுகுகிறது, வெள்ளம் எதுவரை ஏறிய தடம் இருக்கிறது, மேலிருந்து பாறை உருளுமா என்று பாருங்கள். கடைசிக் கேள்வி சும்மா இல்லை: அதே பள்ளத்தாக்கில் அதே பொறியாளர் 1996-இல் கட்டிய திராவெர்சினா பாலத்தை 1999-இல் பாறைச் சரிவு அடித்து நொறுக்கியது, புதியதை வேறு இடம் பார்த்துத்தான் கட்டினார்கள்.

2. வடிவம்

ஆற்றின் நடுவே தூண் நட்டால் வெள்ளத்தில் வரும் மரமெல்லாம் அங்கேதான் சிக்கும். சூரான்சுன்ஸில் தூணே கிடையாது. கரைக்குக் கரை 40 மீட்டர் தூரத்துக்கு எஃகுப் பட்டைகளை இழுத்துக் கட்டி, அவற்றின் மேல் கல் பலகைகளை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் லேசாகத் தொய்ந்த ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் இந்த மெலிவு இலவசமாக வராது, இரு கரைகளையும் பட்டைகள் பலமாக இழுக்கும், பாறை இருந்தால் தாங்கும். உங்கள் கரை வெறும் மண் என்றால் இதை விட்டுவிடுங்கள். சிறிய ஓடைக்குச் சாதாரண உத்திரப் பாலமே போதும்.

3. பொருள்

பலகைக் கல் பக்கத்து ஊரான ஆண்டேரிலிருந்து வந்தது. அழகுக்காக மட்டும் இல்லை, கற்களை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கியிருப்பதால் அவையே பாலத்துக்கு விறைப்பைத் தருகின்றன. எஃகு துருப்பிடிக்காத வகை. மேலே போகும் நெடுஞ்சாலைப் பாலத்தில் பனி உருகத் தூவும் உப்பு, தண்ணீரோடு கீழே சொட்டும் என்பதுதான் காரணம்.

4. கைப்பிடி

மெல்லிய செங்குத்துக் கம்பிகள் போதும். குழந்தையின் தலை நுழையாத இடைவெளி விடுங்கள்.

5. ஆட்டம்

மெலிந்த பாலம் ஆடும். மனிதர் விநாடிக்கு ஏறக்குறைய 2 காலடி வைக்கிறோம், பாலத்தின் இயல்பான அதிர்வும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். பக்கவாட்டு ஆட்டம் அதில் பாதி வேகத்திலேயே தொடங்கிவிடும், லண்டன் மில்லேனியம் பாலத்தை 2000 ஜூனில் திறந்து இரண்டே நாளில் மூட வைத்தது இதுதான். இந்தக் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள்.

அப்புறம், கரையில் மக்கள் நடந்து வரும் பாதையிலிருந்தே போட்டோ எடுத்து, அதே அளவு விகிதத்தில் பாலத்தை அதன் மேல் வரைந்து பாருங்கள். கண் முதலில் பாலத்துக்குப் போனால் 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.