பூஸ்ட் பூலர்: மெக்கானிக்கலா, எலெக்ட்ரோனிக்கா?

கிரவல் ஏற்றிய டிப்பர் குளக்கட்டில் ஏறும்போது திடீரென்று சோர்ந்து, எஞ்சின் லைட் எரிந்து, சாவியை மூடித் திறந்ததும் பழையபடி இழுத்தால் ஓவர்பூஸ்ட், அதாவது டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம் (பூஸ்ட்) அளவு மீறியது, என்று சந்தேகிக்கலாம். ஸ்கேனரில் பிழைக் கோடை (code) பார்த்து உறுதி செய்யுங்கள். அந்தக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் காட்டும் அழுத்தம் எல்லை தாண்டியதும் எஞ்சின் கம்பியூட்டரான ஈ.சி.யூ டீசலைக் குறைத்துவிடுகிறது. பூலர் என்ற சின்னக் கருவி அந்த எல்லைக்கு மேலான அழுத்தத்தை ஈ.சி.யூவின் கண்ணில் படாமல் மறைக்கும். அது பூஸ்டைக் கூட்டுவதில்லை.

ஆகவே பூலர் வாங்கமுதல், மிஞ்சிய புகையை டேர்போவைச் சுற்றி விட்டு பூஸ்டை அடக்கும் கதவான வேஸ்ட்கேற்றைத் திறக்கும் அக்சுவேற்றருக்குப் போகும் சின்ன ஹோசைக் கழற்றிப் பாருங்கள். வெக்கையில் அது வெடிக்கும், கிளிப் கழரும். அழுத்தம் போய்ச் சேராவிட்டால் கேற் திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும். கேஜ் உள்ள கைப்பம்பால் மெல்ல மெல்ல, 1.5 பாருக்கு மேல் போகாமல் காற்றுக் கொடுங்கள். ராட் நகர வேண்டும், காற்றும் இறங்காமல் நிற்க வேண்டும். இல்லையென்றால் கோளாறு அங்கேதான். அதை மறைக்கப் பூலர் போட்டால் டேர்போவையும் ஹெட் கஸ்கெற்றையும் பலி கொடுப்பீர்கள்.

கம்பியூட்டர் இல்லாத பழைய பம்ப் எஞ்சினுக்கு இது தேவையே இல்லை. உள்ளே புகையை நெருக்கும் தகடுகள் (வேன்) அசையும் விஜிடி டேர்போவுக்கோ வேண்டவே வேண்டாம்: பூஸ்ட் போதவில்லை என்று ஈ.சி.யூ நம்பி, வேனை இன்னும் நெருக்கி, இருக்கிற பூஸ்டை மேலும் ஏற்றிவிடும். வேஸ்ட்கேற் உள்ள, வேண்டுமென்றே பூஸ்ட் கூட்டிய எஞ்சினுக்கு மட்டும்தான் கீழே சொல்வது.

மெக்கானிக்கல் பூலர், காற்று எஞ்சினுக்குள் போகும் மனிபோல்டுக்கும் சென்சருக்கும் நடுவில் நிற்கும். உள்ளே வரும் வழியில் ஊசித்துளை, அதற்கப்பால் ஸ்பிரிங் வால்வு. வைத்த அழுத்தம் தாண்டியதும் வால்வு மிச்சக் காற்றை வெளியே விடும். துளை சிறிதாக இருப்பதால்தான் சென்சர் பக்கம் அழுத்தம் ஏறாமல் நிற்கிறது. வன்னியில் அதன் சத்துரு தூசி. எஞ்சின் மூச்சுக்குழாயான பிறீதரால் வரும் எண்ணெயும், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆரின் கரியும் சேர்ந்தால் துளை அடைபட்டு இழுவை பிந்தி வரும். வால்வு திறந்தபடி சிக்கினால் லொறி சோரும், மூடியபடி சிக்கினால் பழைய பிழைக் கோடே திரும்பும். பில்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றி ஊதிக் கழுவ வேண்டும். நன்மை என்னவென்றால் வயரில் கை வைக்கத் தேவையில்லை, றோட்டோரத்திலேயே கழற்றி சென்சரைப் பழைய இடத்தில் பூட்டலாம்.

சென்சரில் 4 வயர் இருந்தால் அது பெரும்பாலும் காற்றின் சூட்டையும் சேர்த்து அளப்பது. அதைக் காற்றோட்டத்திலிருந்து வெளியே எடுத்தால் சூட்டுக் கணக்குப் பிழைக்கும். அங்கே எலெக்ட்ரோனிக் ஒன்றே வழி.

எலெக்ட்ரோனிக் பூலர் சிக்னல் வயரின் வோல்ற்றை ஓர் அளவில் நிறுத்தும். விலை குறைந்ததில் வோல்ற்றை ஓர் அளவுக்கு மேல் ஏற விடாத செனர் டயோட் மட்டும் இருக்கும். 3, 4 வோல்ற் செனர் முன்கூட்டியே கசியத் தொடங்குவதால் பாதி பூஸ்டிலேயே அளவு குறைந்து காட்டும், டீசலும் குறையும். திருகி அளவு வைக்கும் சர்க்கிட் உள்ளதை வாங்குங்கள். மாரியில் வெள்ளம் பாயும் பாதைகளை நினைத்து, பெட்டியை கபினுக்குள் வையுங்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றாமல் சோல்டர் பண்ணுங்கள்.

அளவு வைக்கும் முறை: ஸ்கேனரில் எந்த அழுத்தத்தில் டீசல் வெட்டுப்படுகிறது என்று குறியுங்கள்; ஸ்கேனர் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டினால் அதைக் கழியுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஓனில் விட்டு, சென்சருக்கு 5 வோல்ற் வருகிறதா, ஏர்த் சரியா என்று பாருங்கள். சென்சரைக் கழற்றி அதே அழுத்தத்தைப் பம்பால் கொடுத்து சிக்னல் வோல்ற்றை அளவுங்கள். அதற்கு 0.1 வோல்ற் கீழே பூலரை நிறுத்துங்கள். மெக்கானிக்கல் என்றால் சென்சர் பக்கம் ஒரு கேஜ் பூட்டி, வெட்டு 20 பி.எஸ்.ஐ என்றால் 18இல் ஸ்குரூவைப் பூட்டுங்கள். மிகக் கீழே வைத்தால் ஈ.சி.யூ டீசலையும் அளந்தே தரும், பூலர் போட்டும் லொறி மந்தமாகவே ஓடும்.

தூசியில் நாள் முழுக்க ஓடும் டிப்பருக்கு நல்ல எலெக்ட்ரோனிக்கே மேல். வயரிங் தெரிந்த ஆள் கிட்ட இல்லாவிட்டால், 3 வயர் சென்சருக்கு மெக்கானிக்கல். எதுவானாலும், உண்மைப் பூஸ்டைக் காட்டும் தனிக் கேஜும், டேர்போவுக்கு முன்னால் புகைச்சூடு பார்க்கும் மீற்றரும் டாஷில் வேண்டும். சூடு 700 பாகை செல்சியஸைத் தொட்டால் காலை எடுங்கள்.