இன்ஃபினிபேண்டை பிரிட்ஜில் சேர்க்க முடியவில்லையா?

கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் சர்வர் தொகுப்பில்) இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக வலையமைப்பு இருக்கிறதே, மெய்நிகர் கணினிகளின் ஈதர்நெட்டையும் அதிலேயே அனுப்பலாம் என்று ஐபி-ஓவர்-இன்ஃபினிபேண்ட் இடைமுகத்தை லினக்ஸ் பிரிட்ஜில் (மென்பொருள் ஈதர்நெட் சுவிட்சில்) சேர்த்தால் கர்னல் மறுத்துவிடும். அந்த இடைமுகம் சுமப்பது ஐபி பாக்கெட்டுகளை, ஈதர்நெட் ஃபிரேம்களை அல்ல. அதன் வன்பொருள் முகவரியே 20 பைட். ஈதர்நெட்டின் மேக் முகவரியோ வெறும் 6.

சரி, வழி என்ன? அந்த இடைமுகத்துக்கு ஓர் ஐபி கொடுத்து, அதன்மேல் விஎக்ஸ்லேன் (ஐபி வழியே ஈதர்நெட்டை அனுப்பும் சுரங்க இணைப்பு) அமைத்து, விஎக்ஸ்லேனை பிரிட்ஜில் சேருங்கள். முழு ஃபிரேமும் யுடிபிக்குள் ஏறிப் போய்விடும். ஐபி பதிப்பு 4-இல் கூடுதல் சுமை 50 பைட். அந்த இடைமுகத்தின் டேட்டாகிராம் முறையில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பெரும்பாலும் 2044 பைட் என்பதால், உள்ளே ஈதர்நெட்டின் வழக்கமான 1500 தாராளமாக அடங்கும். அதைவிடப் பெரிய ஜம்போ ஃபிரேம் வேண்டுமென்றால் 65520 வரை தரும் கனெக்டட் முறை, கார்டு இடம்கொடுத்தால்.

ஆர்டிஎம்ஏ (ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாகத் தரவு அனுப்பும் முறை) வேகத்தை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள். சேமிப்பகப் போக்குவரத்தைத் தனியே ஆர்டிஎம்ஏவிலேயே விடுங்கள்.