வேடந்தாங்கலுக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"ஒண்ணுமே தெரியல, எல்லாம் தூரத்துல வெள்ளை வெள்ளையா இருந்துச்சு" என்று வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திலிருந்து சலிப்போடு திரும்பும் குழந்தைகள் உண்டு. குறை ஏரியில் இல்லை. மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்புவதுபோல் நாம் கிளம்பிவிடுவதுதான் கோளாறு.

மாதத்திலேயே தவறு தொடங்குகிறது. பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம். இது மழையை நம்பிய ஏரி. வடகிழக்குப் பருவமழையில் நீர் ஏறி, கடம்ப மரங்கள் தண்ணீரில் நிற்கும்போதுதான் பறவைகள் கூடு கட்ட இறங்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். குஞ்சுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி நல்லது. மழை பொய்த்த வருடம் என்றால் வனத்துறையிடமோ சமீபத்தில் போய் வந்தவர்களிடமோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டவே வேண்டாம். கூட்டத்தில் பறவையைவிட மனிதத் தலைகள்தான் அதிகம் தெரியும்.

சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பதினொரு மணிக்குப் போய் நிற்பது அடுத்த தவறு. காலை வெயில் ஏறுவதற்குள் போங்கள். இல்லையென்றால் மாலை நான்கு மணிக்கு மேல், இரை தேடப் போன கூட்டங்கள் திரும்பும் நேரத்தில் போகலாம்.

அப்புறம், "வெளிநாட்டுப் பறவையெல்லாம் முட்டை போட இங்கே வருது" என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போகிறோமே, அதைத் திருத்திக்கொள்வது நல்லது. மரங்களில் கூடு கட்டியிருக்கும் வர்ண நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் இந்தியாவிலேயே வாழ்பவை. நீரும் இரையும் இருக்கும் இடம் தேடி இங்கே வந்து இனப்பெருக்கம் செய்கின்றன. உண்மையான வெளிநாட்டு விருந்தாளிகள் கீழே தண்ணீரில் இருக்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகு கிளுவை போன்றவை. வடக்கின் குளிருக்குத் தப்பி வரும் இவை இங்கே முட்டையிடுவதில்லை. கோடை தொடங்கும்போது கிளம்பிவிடும். மரத்தில் இருப்பது யார், தண்ணீரில் இருப்பது யார் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் போவதே தெரியாது.

எல்லாப் பறவைகளின் பெயரையும் ஒப்பிக்க வைக்காதீர்கள். ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்ச நேரம் பார்க்கவிடுங்கள். வெயில் குஞ்சுகள் மேல் விழாமல் வர்ண நாரை சிறகை விரித்து நிற்கும். பாம்புத்தாரா உடம்பை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்; கரையேறினால் நனைந்த சிறகை விரித்துக் காய வைக்கும். இதையெல்லாம் பார்க்க பைனாகுலர் அவசியம். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும். அதற்கு மேல் போனால் சின்னக் கைகளில் படம் ஆடும். வீட்டு மாடியிலேயே இரண்டு நாள் பழக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஏரிக்கரையில் அழுகைதான்.

படம் எடுப்பதற்காகக் கை தட்டுவது, கத்துவது, கல்லெறிவது: இதைச் செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்தான். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் சின்னக் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை முட்டையைத் தூக்கிப் போகும். பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிடுவதும் வேண்டாம்.

"நாறுது" என்று மூக்கைப் பிடிக்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். நாற்றத்துக்குக் காரணம் பறவை எச்சம். அது கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு வாங்கியதும் அவர்கள்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் இந்த ஏரி சேர்ந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிந்திய சங்கதி.

சிறு பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். கரையில் ஓடவிடாதீர்கள், பக்கத்திலேயே தண்ணீர். சிப்ஸ் பாக்கெட்டைக் காரிலேயே விட்டுவிடுங்கள். காற்றடித்தால் உறை நேராக ஏரிக்குத்தான் போகும். சாப்பாட்டையும் கழிப்பறையையும் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில், படாளம் கூட்டுரோடு திரும்புவதற்கு முன்பே முடித்துக்கொள்வது உத்தமம்.